பிள்ளைகளுக்குப் பறவை வரையச் சொல்லித்தருவது: எங்கே தொடங்கலாம்?

தூரிகை:
8 முதல் 11 வயது வரை இருபது பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம். பறவைகளைப் பற்றியும் அவற்றைக் காப்பது பற்றியும் ஓவியம் வழியாகச் சொல்லித்தர வேண்டும். "பறவைகளைக் காப்போம்" என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்: இரண்டு மலை, நடுவே சூரியன், வானத்தில் வளைவுக் கோட்டில் நாலு பறவை, கீழே வெட்டிப் போட்ட மரம், பக்கத்தில் கண்ணீர். அது என்ன பறவை என்று கேட்டால் வரைந்த பிள்ளைக்கே தெரியாது.

என் கேள்விகள் மூன்று. ஓரிடத்தில் நிற்காத பறவையை எப்படி வரைய வைப்பது? என்ன பொருட்கள் வாங்குவது? பாதுகாப்பு பற்றிய செய்தியைப் பயமுறுத்தாமல் எப்படிக் கொண்டுவருவது?

கரிக்கோல்:
பொருளிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது சுலபம். ஏ4 அளவில் 120 ஜி.எஸ்.எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள், ஆளுக்கு ஒரு வகுப்புக்கு நான்கு. 4பி பென்சில் ஒன்று. பரீட்சை அட்டை ஒன்று, அதில் பென்சிலை நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே போனதும் பாதிப் பென்சில் காணாமல் போகும். முதல் மூன்று வகுப்பும் ரப்பர் கிடையாது. ரப்பர் கையில் இருந்தால் பிள்ளை பறவையைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும்.

நிற்காத பறவைக்கு வழி இருக்கிறது. தாளை நான்காக மடிக்கச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் 10 நொடியில் ஒரே ஒரு கோடு: அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது மட்டும். பறவை அசைந்துவிட்டால் அழாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். பறவைகள் திரும்பத் திரும்ப அதே நாலைந்து நிலைகளுக்குத்தான் வரும். பழைய நிலைக்கு அது திரும்பும்போது பிள்ளையும் பழைய கட்டத்துக்குத் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பத்து நிமிடத்தில் இந்த ஆட்டம் அவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

சாய்வுக் கோட்டுக்குப் பிறகு அதன்மேல் முட்டை வடிவம், பிறகு தலைக்கு வட்டம், பிறகு கழுத்தையும் வாலையும் இணைப்பது. கண்ணும் அலகும் கடைசி. கண்ணில் ஆரம்பிக்கும் பிள்ளை தாளின் பாதியைத் தலைக்கே செலவழித்துவிடும், உடம்புக்கு இடம் இருக்காது.

சாம்பல்நாரை:
கரிக்கோல் சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். உடம்பமைப்பில் எல்லாப் பிள்ளைகளும் (பெரியவர்களும்தான்) தவறும் இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால். பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குவதுபோல் தெரிவது முட்டி அல்ல, கணுக்கால். உண்மையான முட்டி இறகுக்குள் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, பிள்ளைகளைக் குதிகால் தூக்கி விரல்களில் நிற்கச் சொல்லுங்கள். "இப்போது உங்கள் பாதம் இன்னும் நீளமாக இருந்து, தொடை வயிற்றோடு ஒட்டியிருந்தால்?" என்று கேட்டால் போதும். அதோடு, காலை வால் பக்கம் ஒட்ட வைத்துவிடுவார்கள். முட்டை வடிவத்தின் எடை தாங்கும் இடத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்கினால் பாதம் அங்கேதான் விழ வேண்டும். விழாவிட்டால் படத்துப் பறவை முகம் குப்புறச் சாயும்.

விரல். காகம், மைனா, சிட்டுக்குருவிக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. கிளிக்கும் குயிலுக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பெரும்பாலான மரங்கொத்திகளுக்கும் அப்படித்தான்.

அலகு. மூக்கு ஒட்டுவதுபோல் வட்டத்துக்கு வெளியே முக்கோணம் ஒட்டுவார்கள். அலகு மண்டையோட்டின் தொடர்ச்சி. வாய் பிளக்கும் கோடு முகத்துக்குள் நீண்டு கண்ணுக்குக் கீழே வந்து முடியும். இந்த ஒரு கோட்டைத் திருத்தினாலே பொம்மைப் பறவை உயிருள்ள பறவை ஆகிவிடும்.

எந்தப் பறவை என்பதும் முக்கியம். முதல் நாளே தேன்சிட்டைத் தேடிப் போகாதீர்கள். காகம், புறா, வாத்து, நீரோரம் இரைக்காகக் காத்து நிற்கும் கொக்கு, இவையெல்லாம் நின்று கொடுக்கும். ஐந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, காலை வெயில் ஏறுமுன் போங்கள். பறவை இரை தேடுவதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கி உங்களைப் பார்க்கிறதென்றால் நெருங்கியது போதும், இரண்டடி பின்வாங்குங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டவே வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் வேறு பறவை எல்லைக்குள் வந்துவிட்டதாக எண்ணி அது தன் வேலையைப் போட்டுவிட்டு அலையும்.

நாணல்:
எட்டு வயதுப் பிள்ளையிடம் கணுக்கால், எடை, சாய்வு எல்லாவற்றையும் முதல் வகுப்பிலேயே கொட்டினால் கை உறைந்துபோகும். சரியாக வரைவது எனக்கு இரண்டாவது. அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் பறவையைப் பார்த்தது என்பதுதான் முதலில்.

அதற்கு "பார், திரும்பு, வரை" என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பிறகு முதுகைத் திருப்பி இரண்டு நிமிடம் நினைவிலிருந்து வரைய வேண்டும். பிறகு திரும்பி, எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று பார்க்க வேண்டும். மூன்று சுற்று. முதல் சுற்றில் வால் எங்கே முடிகிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. மூன்றாவது சுற்றில், மடித்த சிறகு நுனி வாலைத் தொடுகிறதா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகத்தான் இவ்வளவும்.

வரையவே தயங்கும் பிள்ளைக்குப் பென்சில் தராதீர்கள். கறுப்புத் தாளைக் கையாலேயே கிழித்துப் பறவையின் நிழலுருவம் செய்யச் சொல்லுங்கள். கிழித்த விளிம்பு எப்படியும் இறகு போலத்தான் இருக்கும், தோற்க வழியே இல்லை.

கரிக்கோல்:
நாணல் சொல்வது நியாயம். முதல் வகுப்பில் நினைவுப் பயிற்சி, இரண்டாவதில் சாய்வுக் கோடு, கால் விஷயம் மூன்றாவதில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பமைப்பை அடியோடு விட்டுவிடக் கூடாது. பத்து வயதுக்கு மேல் பிள்ளைக்குத் தன் படம் "சரியில்லை" என்று தானாகவே தெரிய ஆரம்பிக்கும். ஏன் சரியில்லை என்று சொல்ல ஆளில்லாவிட்டால் வரைவதையே விட்டுவிடும். அந்த வயதுக்கு அளவும் அமைப்பும் பாரமில்லை, ஊன்றுகோல்.

வண்ணக்குழம்பு:
நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே!

காகத்துக்குக் கறுப்பு டியூபைத் திறக்க விடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு மிக அருகே வரும் ஒரு நிறம் கிடைக்கும். நீலம் கூடினால் முதுகின் பளபளப்பு, பழுப்பு கூடினால் நிழல் பக்கம். ஒரே காகத்தில் ஐந்தாறு கறுப்பு இருப்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் பார்ப்பார்கள்.

வெள்ளைக் கொக்குக்கு மெழுகு முறை. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் கொக்கை அழுத்தி வரைந்து, மேலே நீலச் சாம்பல் வாட்டர் கலரைத் தண்ணீராக ஓட்ட வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது, கொக்கு வெள்ளையாக எழுந்து வரும். சொதப்பினால் காரணம் மூன்றில் ஒன்று: கிரேயானை அழுத்தியது போதாது, வண்ணம் கெட்டியாக இருந்தது, அல்லது காயுமுன் இரண்டாம் தடவை பிரஷ் ஓட்டிவிட்டார்கள். தாள் 200 ஜி.எஸ்.எம்முக்குக் குறைந்தால் நனைந்து சுருளும்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது. மீன்கொத்தியின் நீலத்தில் நீலச் சாயம் கிடையாது. இறகுக்குள் இருக்கும் கெரட்டினின் (நம் நகத்திலும் உள்ள புரதம்) நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலமாகத் தெரிகிறது. புறாக் கழுத்தின் பச்சையும் ஊதாவும் மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. இதைக் கையால் செய்தே காட்டலாம். அகலமான தட்டில் தண்ணீர். அதனுள் உள்ளங்கை அளவு கறுப்புத் தாளை முழுக வையுங்கள். நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரே ஒரு துளி தண்ணீர்மேல் விட்டால் நொடியில் படலமாகப் பரவும். தாளை ஒரு ஓரத்தைப் பிடித்துச் சாய்வாகத் தூக்கினால் படலம் அதன்மேல் படிந்து வரும். காய்ந்ததும் சாய்த்துப் பார்த்தால் புறாக் கழுத்தேதான். இரண்டு துளி விட்டால் படலம் தடித்து நிறம் வராது. வாடை அடிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும், துளி விடுவது பெரியவர் வேலை. அந்தத் தாளை இறகு இறகாக வெட்டிப் புறாப் படத்தின் கழுத்தில் ஒட்டலாம்.

தூரிகை:
வண்ணக்குழம்பு, இதை நிச்சயம் செய்வேன். இன்னொரு சந்தேகம். பிள்ளைகள் இறகும் காலிக் கூடும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதை வைத்து வரையலாமா?

சாம்பல்நாரை:
கூட்டை வேண்டாம். காலியாகத் தெரிவது காலியாக இல்லாமல் இருக்கலாம், சில பறவைகள் பழைய கூட்டுக்கே திரும்பும், பூச்சியும் பேனும் வேறு இருக்கும். இறகைப் பொறுத்தவரை, பல நாடுகளில் காட்டுப் பறவையின் இறகை வைத்திருப்பதே சட்டப்படி தவறு. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி வலசைப் பறவையின் உதிர்ந்த இறகைக்கூட எடுத்துவைக்க முடியாது. உதிர்ந்ததா பிடுங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். பிள்ளைகளுக்குப் பழக்கமாக்க வேண்டியது இதுதான்: கிடந்த இடத்திலேயே குனிந்து வரை, பக்கத்தில் சுண்டுவிரலை வைத்து அளவு குறி, அங்கேயே விட்டு வா. வகுப்பில் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கோழி இறகைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

நாணல்:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வெட்டிய மரமும் கண்ணீரும் ஏன் வேலை செய்வதில்லை என்றால், அந்தப் படத்தில் பிள்ளை செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. வருத்தம் மட்டும் மிஞ்சும். வரையும்போது கண்ணில் பட்ட உறுப்பிலிருந்தே செய்தி கிளம்ப வேண்டும்.

நான் பரிந்துரைப்பது "தண்ணீர்க் கோடு". 1.5 மீட்டர் உயரத்துக்குத் தாள் சுருளைச் சுவரில் ஒட்டுங்கள். தரை மட்டத்தில் ஒரு கோடு, அதுதான் குளத்தின் அடி. அதன்மேல் நீர்ப்பறவைகளை உண்மை அளவில் வரைய வேண்டும். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை கைக்குள் அடங்கும் அளவு. பவளக்காலிக்கு மொத்த உயரத்தில் பாதிக்கு மேல் கால்தான், கிட்டத்தட்ட 20 செ.மீ. சாம்பல் நாரை ஒரு மீட்டரை எட்டி நிற்கும். பெரிய பூநாரை பிள்ளைகளின் உயரத்துக்கே வரும். கால் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது நீல செல்லோஃபேன் தாளைப் பட்டையாக வெட்டி 3 செ.மீ. உயரத்துக்குப் பிடியுங்கள். எல்லாப் பறவையும் நிற்கிறது. 15 செ.மீ.க்கு உயர்த்துங்கள், உள்ளான் போய்விட்டது. 30 செ.மீ.யில் பவளக்காலியும் போயிற்று. 60 செ.மீ.யில் நாரை போயிற்று, பூநாரை மட்டும் மிச்சம். "குளம் நிறையத் தண்ணீர் இருந்தால் எல்லாப் பறவைக்கும் நல்லது" என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். குளத்தை ஒரே ஆழமாகத் தோண்டிச் செங்குத்தாகக் கரை கட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். அடுத்த தாளில் சரிவான கரை வரைந்து, ஒவ்வொரு பறவைக்கும் இடம் எங்கே என்று அவர்களே வைத்துக் காட்டட்டும்.

சாம்பல்நாரை:
அருமை. ஒரு திருத்தம்: வாத்தை இதில் கலக்காதீர்கள், அது நீந்தும். கலந்தால் மொத்தக் கணக்கும் குழம்பும். அல்லது வேண்டுமென்றே கடைசியில் சேர்த்து, "இதற்கு ஏன் கவலையில்லை?" என்று கேளுங்கள்.

இறகுமுனை:
உண்மை அளவு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். பார்சல் அட்டைகளைச் சேர்த்து ஒட்டி ஒரு வெண்முதுகுப் பாறுவை (பிணந்தின்னிக் கழுகு வகை) விரித்த சிறகோடு வெட்டுங்கள். சிறகு நுனிக்கு நுனி 2 மீட்டரைத் தாண்டும். அதன் கீழே 15 செ.மீ. சிட்டுக்குருவி ஒன்று. ஒற்றை அட்டையில் சிறகு நடுவில் மடங்கிவிடும், பின்னால் மரச்சட்டமோ மூங்கில் குச்சியோ வைத்துக் கட்ட வேண்டும்.

அந்தப் பாறு ஏன் அழிவின் விளிம்புக்குப் போனது என்பதையும் சிறகின் மறுபக்கத்தில் படமாகப் போடலாம்: நோயுற்ற மாடு, அதற்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசி, மாடு இறக்கிறது, பாறு அதைத் தின்கிறது, சிறுநீரகம் செயலிழந்து பாறு இறக்கிறது. நான்கைந்து கட்டம், வசனமே வேண்டாம். 1990களில் தொடங்கிய வீழ்ச்சியில் இந்த இனம் 99 சதவீதத்துக்கு மேல் போனது. காரணம் கண்டுபிடித்த பிறகு 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. காரணம் தெரிந்தால் நிறுத்த முடியும் என்ற இடத்தில் கதை முடிகிறது, அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தது.

வலசைக்கு ஒன்று. 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்குச் சுமார் 13,560 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. வயது ஐந்து மாதம். சுவரைச் சுற்றி நீளத் தாள் ஒட்டி, 11 பகல், 11 இரவு என்று 22 கட்டம் போட்டால் ஆளுக்கொரு கட்டம் வரும், இரண்டு மிஞ்சும். எல்லாக் கட்டத்திலும் அதே பறவை, வானம் மட்டும் மாறும்.

வண்ணக்குழம்பு:
இழந்ததையே வரையாமல் மீண்டதையும் வரையுங்கள். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருங்குருவி ஒன்று உண்டு, பிளாக் ராபின் என்பார்கள். 1980இல் உலகத்திலேயே ஐந்துதான் மிச்சம். அதில் இனம் பெருக்கக்கூடிய பெண் ஒன்றே ஒன்று. காலில் நீல வளையம் போட்டிருந்ததால் ஓல்ட் புளூ என்று பெயர். அதன் முட்டைகளை வேறு இனக் குருவியின் கூட்டில் வைத்து அடைகாக்க வைத்தார்கள், அது மறுபடி முட்டையிட்டது. இன்று இருக்கும் 250க்கு மேற்பட்ட பறவைகளும் அதன் வழிவந்தவைதான்.

இதற்குத் தாள் முழுக்கக் கறுப்பு, சாம்பல், பழுப்பு மட்டும் கொடுங்கள். வேறு நிறம் கிடையாது. கடைசியில் ஆளுக்கு ஒரு பொட்டு நீலம், கால் வளையத்துக்கு மட்டும். இருபது கறுப்புக் குருவிகளில் இருபது நீலப் புள்ளி. பல நிறங்களால் காட்ட முடியாததை அந்த ஒரு நிறம் காட்டும்.

தூரிகை:
கடைசி வகுப்பில் எல்லோரும் சேர்ந்து செய்வதுபோல் ஒன்று வேண்டும். கண்ணாடி ஜன்னலில் பருந்து உருவம் ஒட்டினால் பறவைகள் மோதாது என்கிறார்களே, அதைச் செய்யலாமா?

இறகுமுனை:
பருந்து ஒன்று ஒட்டினால் பயனில்லை. பறவைக்கு அது அசையாத ஒரு கறை, அதைச் சுற்றிக்கொண்டு மீதிக் கண்ணாடியில் மோதும். கண்ணாடியில் மரமும் வானமும் பிரதிபலிப்பதால் வழி இருப்பதாக நினைத்து வருகிறது. தன் உடம்பு நுழைய இடமில்லை என்று அதற்குத் தோன்ற வேண்டும். அதற்கு அடையாளங்கள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளிக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 6 மி.மீ. அகலம். வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதி இறப்பதாக 2014இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. விளையாட்டுக் காரியம் இல்லை.

120 x 90 செ.மீ. ஜன்னலுக்குச் சுமார் 400 அடையாளம். இருபது பிள்ளைக்கு ஆளுக்கு இருபது. பொட்டுக்குப் பதில் பறவைக் காலடி வரையட்டும், மூன்று முன்விரல் ஒரு பின்விரல், ஒரு நாணய அளவில். கிளியைத் தேர்ந்தெடுத்தவர் இரண்டுக்கு இரண்டு போடட்டும். மூன்றாம் வகுப்பில் படித்தது அப்படியே ஜன்னலுக்கு வந்துவிடும்.

இடைவெளி பிசகாமல் இருக்க, செய்தித்தாளில் 5 செ.மீ. கட்டம் போட்டு கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வெளியிலிருந்து கட்டம் தெரியும், சந்திப்புகளில் பிள்ளைகள் வரையலாம், முடிந்ததும் தாளை உரித்துவிடலாம். வண்ணம் வெள்ளை டெம்பரா, அதாவது தண்ணீரில் கரையும் போஸ்டர் வண்ணம். கறுப்பு, கரும்பச்சை எல்லாம் பிரதிபலிப்பில் கரைந்துவிடும். முதலில் கண்ணாடியை வினிகர் கலந்த நீரால் துடைத்துக் காயவிடுங்கள், பிசுக்கு இருந்தால் வண்ணம் உருண்டையாகத் திரளும். பின்னால் கழுவ லேசாக இருக்க வண்ணத்தில் இரண்டு துளி பாத்திரச் சோப்பு போதும். அதற்கு மேல் போனால் வழியும். மாடி ஜன்னல் வெளிப்பக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம், தரைத்தளம் மட்டும்.

நாணல்:
ஒன்று எச்சரிக்கிறேன். நடுவில் அழகாகப் பெரிய மயில் வரைந்துவிட்டு "மீதியை விட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். வெற்றிடம் இரண்டு உள்ளங்கை அளவு இருந்தால் குருவிக்கு அது வாசல்.

தூரிகை:
நேரடியாக மழை அடிக்கும் பக்கம் என்றால்?

இறகுமுனை:
சாரலுக்கு டெம்பரா தாங்கும். நேரடி மழைக்கு வெள்ளை எண்ணெய் பெயின்ட் மார்க்கர் எடுங்கள், 6 மி.மீ. முனை. அதன் வாடைக்குப் பிள்ளைகளை வெளியில் காற்று வீசும் பக்கம் நிறுத்துங்கள். வண்ணம் உதிர்ந்த இடங்களை மாதத்துக்கொரு முறை பார்த்துத் தொட்டுவிட வேண்டும். அந்த வேலையை இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகளுக்கே முறை வைத்துக் கொடுங்கள். ஜன்னலுக்குக் கீழே தரையையும் பார்த்து, என்ன பறவை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். ஒன்றும் விழவில்லை என்றால் "இல்லை" என்று தேதியோடு எழுத வேண்டும், அந்த வரியும் கணக்கில் சேரும்.